பெரிய கேமராவில் அக்கா

அந்தக் கேமராவை வாங்கியது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அதை வைத்து நான் செய்ததுதான் தப்பு. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் எட்டாவது வரை படித்தவன். சிவகாசியில் ஒரு அச்சகத்தில் அச்சுக்கான பிளேட் தயார் பண்ணுகிற இடத்தில் பல வருசம் வேலை பார்த்தேன். அப்புறம் சொந்தமாகப் போட்டோக் கடை. பத்துக்குப் பத்து ரூம். பாஸ்போர்ட் படம், சடங்கு வீடு, கல்யாண வீடு. சீசனுக்கு முன்னால் பட்டாசுக் கம்பெனிக்காரர்கள் டப்பாக்களை அட்டைப்பெட்டியில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். விலைப்பட்டியலுக்கும் லேபிளுக்கும் அவற்றைப் படம் எடுத்துக் கொடுப்பேன்.

எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. அச்சு வேலையில் இருந்தவன் எந்தப் படத்தையும் தள்ளி நின்று பார்க்க மாட்டான். சட்டைப்பையில் இருக்கும் சின்ன லென்ஸை எடுத்துத் தாளின் மேல் வைத்துக் குனிந்துவிடுவான். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால்கூட, யாருக்குக் கல்யாணம் என்று படிப்பதற்கு முன் கலர் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பான். நானும் அப்படித்தான். எனக்குப் படம் என்றால் அதற்குள் இருக்கும் பொடிப்பொடி விசயம்தான்.

மீடியம் பார்மட் என்கிற அந்தப் பெரிய ரகக் கேமராவை நான் முதலில் பார்த்தது அந்த அச்சகத்தில்தான். சேலைக் கடை காலண்டருக்காகச் சென்னையிலிருந்து ஒருவர் படம் எடுக்க வந்தார். வெளிச்சம் திருப்ப ஒரு வெள்ளை அட்டையை என் கையில் கொடுத்து நிற்கச் சொன்னார். எடுத்து முடித்துக் கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்கினார். சேலை தெரிந்தது. இன்னும் பெரிதாக்கினார், ஜரிகையில் ஒரு நூல் தனியாகத் தெரிந்தது. முகத்துக்குப் போனார். இமை முடி. அப்புறம் கண்மணி. கண்மணிக்குள் ஒரு ஜன்னல். ஜன்னலுக்குப் பக்கத்தில் அட்டையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். என் சட்டைப் பட்டன்கூடத் தெரிந்தது.

என்ன விலை என்று மட்டும் கேட்டேன்.

"இந்த ஊர்ல ஒரு வீடு வாங்கலாம்" என்றார் அவர். சிரிக்காமல்தான் சொன்னார்.

அவர் லென்ஸைக் கழற்றியபோது உள்ளே படம் பதிகிற சென்சாரைப் பார்த்தேன். என்னிடம் இருந்த கேமராவில் அது ஒரு தபால்தலை அளவு. இதில் தீப்பெட்டி லேபிளுக்குக் கொஞ்சம்தான் குறைவு. வித்தியாசம் அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்குத்தான் ஒரு வீட்டின் விலை.

அப்புறம் காலம் மாறியது. பணம் இருக்கிறவர்கள் புது மாடலுக்குப் போகப் போக, பழைய மாடல் இறங்கிக்கொண்டே வந்தது. வீட்டு விலையில் இருந்தது புதுக் கார் விலைக்கு வந்தது. அப்புறம் பழைய கார் விலைக்கு. கேமரா விற்கிறவர்கள் வாங்குகிறவர்கள் சேர்ந்த ஒரு வாட்ஸ்அப் குழுவில் நானும் இருந்தேன். பேச மாட்டேன், பார்ப்பேன். ஒரு நாள் ஒருவர், வயசான மாடல், ஒரே ஒரு லென்ஸ், ஓரத்தில் கீறல் என்று போட்டிருந்தார். விலையைப் பார்த்தேன். எட்டிவிடும்போல் இருந்தது. எட்டாத வரைக்கும் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. எட்டும் என்று தெரிந்த பிறகு தூக்கம் போய்விட்டது.

கல்யாண வேலைக்கு வைத்திருந்த இரண்டு கேமராவையும் விற்றேன். மாடியில் ஒரு ரூம் போட வைத்திருந்ததையும் எடுத்தேன். விருதுநகரில் ரயில் ஏறிச் சென்னை போனேன். திரும்பி வரும்போது உட்கார இடம் கிடைத்தும் பையை மேலே வைக்கவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்காரி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"ஏங்க, இது படம் மட்டுந்தான் எடுக்குமா?"

"ஆமா."

"இந்த வெலைக்கு மாவும் ஆட்டணுமே."

உண்மை விலையில் பாதியைத்தான் அவளிடம் சொல்லியிருந்தேன்.

கேமரா வந்தது. வேலை வரவில்லை. கல்யாண வீட்டுக்கு அது லாயக்கில்லை. ரொம்ப மெதுவு. அது போகஸ் பிடிப்பதற்குள் மாப்பிள்ளை தாலி கட்டிவிட்டு எழுந்துவிடுவான். பட்டாசு முதலாளிகளிடம் கேட்டால், "போன்லயே நல்லா வருதேப்பா" என்றார்கள். டப்பாவுக்கு எதற்கு இம்புட்டுப் பெரிய கேமரா என்று ஒருவர் கேட்டார். இரண்டு மாசம் அது பீரோவில் இருந்தது. நான் தினமும் எடுத்துத் துடைத்து வைத்தேன்.

ஒரு பெரிய படம் எடுத்து, ஆள் உயரத்துக்குப் பிரிண்ட் போட்டு, எல்லாரும் வருகிற இடத்தில் வைத்தால்தான் வேலை வரும் என்று தோன்றியது. அக்காவை எடுக்கலாம் என்று முடிவு செய்தேன்.

அக்கா எனக்கு ஏழு வயசு மூத்தவள். விஸ்வநத்தம் பக்கம் குடியிருந்தாள். ஒரு பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் வேலை. பத்தொன்பது வருசமாக ஒரே கம்பெனி. மச்சானுக்கு மூச்சுக் கோளாறு, வேலைக்குப் போவதில்லை. மகள் விருதுநகரில் காலேஜில் படித்தாள். அக்காவின் சம்பளத்தில் வீடு ஓடியது. தீபாவளி போனசில் காலேஜ் பீஸ். பீஸில் பத்தாததற்கு வீட்டில் சரம் பின்னினாள்.

சரம் பின்னுவது என்றால், மருந்து அடைத்த வெடிகளை வரிசையாகத் திரியில் கோத்துச் சரவெடி ஆக்குவது. அதை வீட்டில் வைத்துச் செய்யக் கூடாது. ஒரு பொறி போதும், தெருவே இருக்காது. எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் சீசன் நெருங்கினால் எவனாவது ஒரு உள்குத்தகைக்காரன் பைக்கில் சாக்கைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவான். அக்கா வேலை பார்த்த கம்பெனி இப்படிக் கொடுப்பதில்லை. அந்த முதலாளி அதில் கண்டிப்பானவர். அவருக்குத் தெரியாமல்தான் அக்கா பின்னினாள்.

நான் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்கா தலை குளித்துவிட்டு வந்திருந்தாள். வாசல் வெளிச்சம் நன்றாக விழுந்தது. சுவரை ஒட்டி உட்காரச் சொன்னேன். பக்கத்தில் எவர்சில்வர் குடம். எதிர்ப் பக்கத்தில், என் முதுகுக்குப் பின்னால், பக்கத்து வீட்டுப் பொம்பளைகள் இரண்டு பேர் சாக்கைப் பிரித்துச் சரம் பின்னிக்கொண்டிருந்தார்கள்.

"ஏலே, சாக்கு கெடக்கு. அங்கன எடுத்துறாத" என்றாள் அக்கா.

"அந்தப் பக்கம் வராதுக்கா. ஒன்னைய மட்டுந்தான்."

"எங்களையும் ஒண்ணு எடுங்க. மாப்ள பாக்கணும்" என்றாள் பின்னிக்கொண்டிருந்தவளில் ஒருத்தி. அவளுக்குப் பேரன் இருக்கிறான்.

"ஒனக்கு மாப்ளையா? பல்ல மொதல்ல பாரு" என்றாள் இன்னொருத்தி.

அக்கா சிரித்தாள். சிரித்து முடிந்து முகம் இறங்குகிற நேரம் ஒன்று உண்டு. அதில் எடுத்தேன். இருபது படம்கூட எடுக்கவில்லை.

அன்றைக்கே கம்ப்யூட்டரில் போட்டேன். மெசின் மூச்சு வாங்கி வாங்கித் திறந்தது. அக்காவின் முகம் வந்தது. அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. மூக்கோரம் ஒரு பழைய தீத்தழும்பு. முகச் சுருக்கத்துக்குள் கழுவியும் போகாமல் நின்றுபோன பட்டாசு வெள்ளிப்பொடி. அவள் தலை குளித்திருந்தாள், அது மட்டும் போகவில்லை. வெளிச்சம் கன்னத்திலிருந்து கழுத்துக்கு இறங்கிய விதத்தை என் பழைய கேமரா எத்தனை தரம் எடுத்தாலும் காட்டியிருக்காது.

அப்புறம் குடத்துக்குப் போனேன்.

குடத்தின் வயிற்றில் எதிர்ப் பக்கம் முழுக்க வளைந்து விழுந்திருந்தது. சாதாரணக் கேமராவில் அது ஒரு சிவப்புத் தீற்றல். இதில் பெரிதாக்கினால் சாக்கு தெரிந்தது. சாக்கின் வாய் தெரிந்தது. இரண்டு பொம்பளைகளின் கை, கைக்கு நடுவில் சரம். வெடிகளை எண்ணலாம். நான் எண்ணினேன்.

அதை அழிக்க எனக்குத் தெரியும். அரை மணி நேர வேலை. கல்யாணப் படத்தில் குப்பைத்தொட்டியை எல்லாம் அழித்திருக்கிறேன். அக்கா சொன்ன வார்த்தையும் காதில் இருந்தது. ஆனால் அழிக்கவில்லை. இதற்குத்தானே வாங்கினேன் என்று தோன்றியது. கண்மணிக்குள் ஜன்னலைப் பார்த்த நாளிலிருந்து நான் காத்திருந்தது இதற்குத்தான். ஒருத்தரும் அவ்வளவு உள்ளே போய்ப் பார்க்க மாட்டார்கள் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். எங்கள் ஊரில் இருந்துகொண்டு அப்படிச் சொல்லிக்கொண்டேன்.

பழைய அச்சகத்தில் சொல்லி, ஆள் உயரத்துக்குப் பிரிண்ட் எடுத்து அங்கேயே சுவரில் ஒட்டினேன். மெசின் ஆட்கள் கூடிவிட்டார்கள். தள்ளி நின்று பார்த்தவன் ஒருவனும் இல்லை. எல்லாரும் லென்ஸை வைத்துப் படத்தோடு ஒட்டிக்கொண்டார்கள்.

"ஏலே, முடி முடியா வந்திருக்குலே" என்றான் ஒருத்தன்.

"ஒனக்கு முடி இருந்தாத்தானே ஒன் தலைய எடுத்துப் பாக்க" என்றான் இன்னொருத்தன்.

அந்த நேரம் லேபிள் ப்ரூஃப் பார்க்க ஒரு பட்டாசு முதலாளி வந்தார். கூட அவருடைய கணக்கப்பிள்ளை. முதலாளி படத்துக்கு முன்னால் நின்றார். "இது எந்தக் கேமராப்பா?" என்று கேட்டார். இரண்டு மாசமாக ஒருத்தரும் கேட்காத கேள்வி. நான் சொன்னேன். நிறையவே சொன்னேன். எனக்கு அவ்வளவு பேச வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சென்சாரைத் தீப்பெட்டி லேபிளோடு ஒப்பிட்டுச் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். போய்விடுவாரோ என்று இருந்தது எனக்கு.

"இந்தக் கொடத்தைப் பாருங்க மொதலாளி" என்றேன். என் லென்ஸை அவர் கையில் கொடுத்தேன். விரலால் தொட்டு இடத்தையும் காட்டினேன். "உள்ள எம்புட்டு வெடின்னு எண்ணலாம்."

அவர் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

அவர்தான் அக்காவின் முதலாளி. அது எனக்குத் தெரியும். அந்த நேரம் ஞாபகம் இல்லை என்று பல நாள் எனக்கே சொல்லிப் பார்த்தேன். அது முழு உண்மை இல்லை. ஞாபகம் இருந்தது. அவருக்கு அக்காவின் முகம் தெரியாது, முன்னூறு பேரில் ஒருத்தி, அதனால் பரவாயில்லை என்று நினைத்தேன். கணக்கப்பிள்ளையை நினைக்கவில்லை.

"இது நம்ம பேக்கிங்ல இருக்கிற பொம்பளைல்லா" என்றார் கணக்கப்பிள்ளை.

முதலாளி லென்ஸை என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"நல்ல படம் தம்பி. நாளைக்கு ஆபீசுக்கு வா."

மறுநாள் காலையில் அக்காவைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். எனக்கு அது தெரிந்துதான் ஆபீசுக்குப் போனேன். போகிற வழியெல்லாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். அந்தச் சாக்கு அக்காவுடையது இல்லை, கலருக்காக நான்தான் கொண்டுபோய் வைத்தேன், வெடி எல்லாம் வெறும் காகிதக் குழாய், அக்காவுக்கு ஒன்றும் தெரியாது. நம்பியிருப்பாரா தெரியாது. சொல்லியிருக்கலாம்.

முதலாளி என்னை உட்காரச் சொன்னார். மேசையில் டப்பாக்கள் அடுக்கியிருந்தன. கம்பிமத்தாப்பு, சங்குச்சக்கரம், புஸ்வாணம், எல்லாச் சரக்கும். இந்த வருசம் விலைப்பட்டியல், லேபிள், போஸ்டர் எல்லாவற்றையும் அந்தக் கேமராவில் எடுத்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன்.

அப்புறம் அவரே சொன்னார். "அது ஒன் அக்கான்னு சொன்னாக. எனக்குச் சங்கடந்தான். ஆனா என் ஆளு வீட்ல வெடி வச்சிருக்கான்னு வெளிய தெரிஞ்சா லைசன்சு நிக்காதுப்பா. ஒரு வீடு பத்துனா யாரு பதில் சொல்ல? அது வேற, இது வேற. என்ன சொல்ற?"

அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. நான் சொல்ல வந்தது வாயில் இருந்தது.

"சரிங்க மொதலாளி" என்றேன். டப்பாக்களை அட்டைப்பெட்டியில் எடுத்து வைத்துக்கொண்டு வந்தேன்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். தெருப் பொம்பளைகள் கூடியிருந்தார்கள். சேதி பரவி, சாக்கு இறக்குகிறவன் அந்தத் தெருப் பக்கமே வரவில்லை. எல்லாருக்கும் வருமானம் நின்றுவிட்டது. மாப்பிள்ளை பார்க்க வேண்டும் என்று கேலி பண்ணியவள் என்னைப் பார்த்ததும் சொன்னாள்:

"கொடத்துல மூஞ்சி பாக்கலாம்னு தெரியும். எரியாத அடுப்புல பூனை தூங்குறதையும் பாக்கலாம்னு இன்னைக்குத்தான் தெரியுது."

மச்சான் கட்டிலில் உட்கார்ந்து மூச்சை இழுத்துக்கொண்டு கேட்டார். "மாப்ள, படத்தை வெளிய ஒட்டுறதுக்கு முன்னால நீரு பாக்கலையா?"

நான் பதில் சொல்வதற்குள் அக்கா சொன்னாள். "அவன் என்ன செய்வான்? படம் எடுக்கிறவன் எடுத்தான். பாத்தவன் கண்ணு அப்படி. கண்ணுல வெளக்கெண்ணெய விட்டுக்கிட்டு வந்திருக்கான்."

"அதில்ல..." என்றார் மச்சான்.

"விடுங்க. தம்பி, சாப்புட்டியாலே?"

சாப்பிட்டேன். அவள் போட்டாள், நான் சாப்பிட்டேன். கடையில் அந்த அட்டைப்பெட்டி இருந்ததை நான் சொல்லவில்லை.

வேலை நன்றாக வந்தது. டப்பா வெறும் டப்பாதான், ஆனால் அந்தக் கேமராவில் அட்டையின் பளபளப்பு, திரியின் முறுக்கு, கம்பிமத்தாப்பின் மேல் இருக்கும் சொரசொரப்பு எல்லாம் தொட்டுப் பார்க்கிற மாதிரி வந்தது. போஸ்டர் வெளியானதும் இன்னும் மூன்று முதலாளிகள் தேடி வந்தார்கள். எட்டாது என்று நினைத்த கேமரா ஒரே சீசனில் தன் விலையை எடுத்துக் கொடுத்துவிட்டது. வீட்டுக்காரி மாடி ரூம் பேச்சை மறுபடி எடுத்தாள். ஒவ்வொருத்தரும் படத்தைப் பாராட்டும்போது நான் வேறு பக்கம் பார்த்தேன். அடக்கமான ஆள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அக்காவுக்கு வேறு பட்டாசுக் கம்பெனியில் வேலை கிடைக்கவில்லை. ஏன் நின்றாய் என்று எல்லா இடத்திலும் கேட்டார்கள். கடைசியில் விருதுநகர் போகிற வழியில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் எடுத்துக்கொண்டார்கள். தூரம் அதிகம், சம்பளம் குறைவு, போனஸ் இல்லை. மகளுக்குப் பீஸ் கட்டுகிற நாள் வந்தபோது நான் பணத்தோடு போனேன்.

அக்கா வாங்கவில்லை. "இது அந்தக் கம்பெனி வேலைக் காசுன்னா வேண்டாம். வேற காசுன்னா குடு" என்றாள்.

"வேற காசுக்கா" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் வாங்கிக்கொண்டாள். அது அந்தக் காசுதான்.

போன மாசம் ஒரு நாள் காலையில், தீப்பெட்டிக் கம்பெனி வேன் வருகிற இடத்துக்குப் போனேன். ஆறு மணி இருக்கும். பத்துப் பதினைந்து பொம்பளைகள் தூக்குவாளியோடு நின்றார்கள். அக்கா கொஞ்சம் தள்ளித் தனியாக நின்றாள். நான் பைக்கை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் போனேன்.

"என்னலே இந்நேரம்? ஒன் பிள்ளைகளுக்கு மேலுக்கு முடியலையா?"

"இல்லக்கா. ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு. வேன் வந்துரும்."

"அந்தக் கொடம்... அவரா பாக்கலக்கா. நாந்தான் காட்டுனேன். வெரலு வச்சுக் காட்டுனேன். எனக்கு முன்னாலயே தெரியும். அழிச்சிருக்கலாம். அழிக்கல."

அக்கா தூக்குவாளியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

"தெரியும்" என்றாள்.

"யாரு சொன்னா?"

"அன்னைக்கே கேட்ல வச்சுக் கணக்கப்பிள்ள சொல்லிட்டாரு. ஒன் தம்பிதான் தொட்டுக் காட்டுனான், எங்களக் குத்தம் சொல்லாதன்னு."

அன்றைக்குச் சாயங்காலம்தான் அவள் எல்லார் முன்னாலும் எனக்காகப் பேசினாள். சாப்பாடு போட்டாள். எல்லாம் தெரிந்துகொண்டு போட்டாள்.

"ஏன்க்கா கேக்கல?"

"நீயாச் சொல்லுவியான்னு பாத்தேன். எட்டு மாசம் ஆச்சு."

"அந்தக் காசு..."

"அதுவுந் தெரியும். பிள்ளைக்குப் பீசு கட்டணும்லா. வாங்காம என்ன செய்ய?" அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "இன்னொருக்கப் பொய் சொல்லிக் குடுக்காத. குடுக்கணும்னா சொல்லிக் குடு."

வேன் வந்தது. பொம்பளைகள் ஏறினார்கள். முன்னால் ஏறியவர்கள் இடம் பிடித்துவிட்டார்கள். அக்கா கடைசியாக ஏறி, மேலே இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள். என்னைப் பார்த்து, வீட்டுக்குப் போ என்று கையால் காட்டினாள். விருதுநகர் ரோட்டில் வேன் திரும்புகிற வரைக்கும் அவள் நின்றுகொண்டுதான் போனாள்.